வெறும் நாற்காலிகள்

"அம்மை, நான் வாங்குற படத்துல இருந்து ஆளுங்க எந்திரிச்சுப் போயிடுறாங்க" என்றார் வள்ளியப்பன்.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்க போறாங்க?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

வள்ளியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர் ஊராகப் போய் ஓவியம் வாங்குகிறவர். கொச்சி, டில்லி, துபாய், சிங்கப்பூர், அப்புறம் பெயரைச் சொன்னாலே குளிரெடுக்கிற ஊர்கள். எங்கே கண்காட்சி என்றாலும் முதல் நாள் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார்.

அம்மைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு. யாருக்கும் அவள் உபதேசம் செய்ததில்லை. ஆனாலும் ஆட்கள் வருவார்கள், எதையாவது கேட்பார்கள், திரும்பும்போது பேச்சில்லாமல் போவார்கள். வள்ளியப்பனை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு அவள் குரு.

"விவரமாச் சொல்லுங்கண்ணே."

"கண்காட்சியில பாக்கும்போது இருக்காங்க அம்மை. ஒரு பெரியவர் நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்கிறார். பிடிச்சுப்போய் வாங்குறேன். வீட்டுக்கு வருது. பெட்டியைப் பிரிச்சா நாற்காலி இருக்கு. பேப்பர் தரையில கெடக்கு. ஆளைக் காணோம்."

"மெத்தை?"

"குழிஞ்சிருக்கு. இப்பத்தான் எந்திரிச்ச மாதிரி."

அம்மை ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள்.

"வரைஞ்சவரைக் கேட்டீங்களா?"

"போன் போட்டேன். 'சார், நான் ஜென்மத்துல மனுஷனை வரைஞ்சதில்லையே, நாற்காலி மட்டுந்தானே வரைவேன்'ங்கிறார். நான் எடுத்த போட்டோவைப் பாத்தேன். அதுலயும் வெறும் நாற்காலி. ஒரு படம் ரெண்டு படம் இல்ல. வீடு பூரா இப்படித்தான். ஒண்ணுல காப்பி டம்ளர் பாதி அப்படியே இருக்கு. இன்னொண்ணுல பின்னாடி இருந்த கதவு சாத்தியிருந்துச்சு. இப்ப ஒருக்களிச்சு நிக்குது."

"நீங்க பெரிய மனுஷர். உங்களைப் பாத்து மரியாதைக்கு எந்திரிச்சிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை.

"எப்படிண்ணே வாங்குவீங்க?"

"கையைக் காட்டுவேன். படத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவாங்க. ஒட்டிட்டா வித்துப்போச்சுன்னு அர்த்தம். வேற யாரும் கிட்ட வர முடியாது."

"அப்புறம்?"

"அடுத்த படத்துக்குப் போவேன்."

"பொட்டு வச்ச கையோடயா?"

"நின்னா அடுத்ததை வேற எவனாவது தட்டிட்டுப் போயிடுவானே."

"பெட்டி வீட்டுக்கு வரும்போது?"

"நான் வேற ஊர்ல இருப்பேன். வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு ஷெட்ல இறக்கி வைப்பான்."

அம்மை கீரையை முறத்தில் பரப்பினாள். காகம் ஒன்று ஓட்டின் மேல் நடந்தது.

வள்ளியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"போனவங்க போகட்டும் அம்மை. இப்ப ஒருத்தி வந்திருக்கா."

அவள் கை நின்றது.

"ஒரு குளிர் ஊர்ல பாத்தேன். வரைஞ்ச பொண்ணு நம்ம பக்கம் எட்டிப் பாத்ததே இல்ல. பிரம்பு நாற்காலி. ஒரு காலை மடக்கி மேல வச்சுக்கிட்டு, இன்னொரு காலைத் தொங்கப் போட்டு, பெருவிரல் நுனியில செருப்பை மாட்டி ஆட்டிக்கிட்டிருக்கா. கண்ணு வாசல் பக்கம். உமையாள் அப்படித்தான் உக்காருவா."

உமையாள் அவர் மனைவி. அவள் செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரம் இவர் எங்கோ ஒரு கண்காட்சியில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை.

"பிரிச்சீங்களா?"

"பயமா இருக்கு. பிரிச்சா போயிடுவா. பிரிக்காட்டி இருட்டுக்குள்ளயே இருப்பா. பெட்டி மேல காதை வச்சுப் பாத்தேன் அம்மை."

"கேட்டுச்சா?"

"செருப்பு ஆடுற சத்தம்."

அம்மை வெறும் காம்புகளை ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னிக்கு ராத்திரி எனக்கு ஃபிளைட். அடுத்த கண்காட்சி. போறதுக்குள்ள சொல்லுங்க. அவளை எப்படி இருக்க வைக்கிறது?"

அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வள்ளியப்பன் காத்திருந்தார்.

ஏதோ எடுத்துவரத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்தார். திருநீறோ, மந்திரித்த கயிறோ. வெயில் அவர் முழங்கால் வரைக்கும் ஏறியது. கால் மரத்துப்போனது. உள்ளே சத்தமே இல்லை.

"அம்மை."

இன்னொரு தரம் கூப்பிட்டார்.

தயங்கித் தயங்கிக் கதவைத் தள்ளினார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. முறம் தரையில் இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

அங்கே நிற்க அவருக்கு என்னவோ போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

அம்மை காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணே, கிளம்பிட்டீங்க?"

"உள்ள யாருமே இல்லையே அம்மை. ஆளில்லாத வீட்டுல எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?"

"ஆமால்ல" என்றாள் அம்மை.

வள்ளியப்பன் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றார்.

"உலையை எறக்கி வச்சிட்டு வர்றேன். வண்டியை எடுங்க. உங்க வீட்டைப் பாக்கணும்."

மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். கடற்கரையை ஒட்டிய வீடு. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். வள்ளியப்பன் பயணப் பெட்டியை வாசல் ஓரம் வைத்துவிட்டுச் சாவியோடு முன்னால் போனார்.

உள்ளே எல்லாச் சுவரும் வெள்ளை. எல்லாச் சுவரிலும் நாற்காலி. மர நாற்காலி, இரும்பு நாற்காலி, ஊஞ்சல் நாற்காலி. எல்லா மெத்தையும் குழிந்திருந்தது. பட்டப்பகலில் அந்தக் கூடத்தில் நின்றபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

அம்மை ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"கால் வலிக்குது. உக்காரணும். நாற்காலி எங்க?"

வள்ளியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

"நான் வந்தா ஒரு ராத்திரிதான் அம்மை. நின்னபடியே சுத்திப் பாத்துட்டுப் படுத்துடுவேன்."

"உமையாள் ஆச்சி எதுல உக்காந்திருந்தாங்க?"

"பிரம்பு நாற்காலி ஒண்ணு இருந்துச்சு. அந்தச் சுவர்ல படம் மாட்டணும்னு எடுத்துப் போட்டுட்டேன்."

அம்மை அந்தச் சுவரைப் பார்த்தாள். அதற்குக் கீழேதான் பிரிக்காத பெட்டி நின்றது.

"பிரிங்க."

"அம்மை..."

"கண்ணை மூடிக்கிட்டுப் பிரிங்க. வாசலைப் பாக்கத் திருப்பி வைங்க. நீங்க பாக்கக் கூடாது."

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆணிகளைத் தடவித் தடவிக் கழற்றினார். பலகை விலகியது. துணியை உருவினார். முகத்தில் சாயவாடை அடித்தது. அதற்குள் மல்லிகைப்பூ வாடை இருந்தது. படத்தைத் தடவித் தூக்கி வாசல் பக்கம் திருப்பி வைத்தார். பார்க்கவில்லை.

"இப்ப வெளிய வாங்க. சாவியை உள்ளயே போட்டுட்டுக் கதவைச் சாத்துங்க."

"தானாப் பூட்டிக்கிற கதவு அம்மை! வேற சாவி கிடையாது. பாஸ்போர்ட்டும் மேசை மேல இருக்கு."

"சாத்துங்கண்ணே."

சாத்தினார். பூட்டு விழுந்தது.

அம்மை அவருடைய பயணப் பெட்டியைப் படியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நல்ல பெட்டி. மெத்துன்னு இருக்கு."

"விளையாடாதீங்க அம்மை. நான் ராத்திரி போகணும். உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. யாரு தெறப்பா?"

"ஊரெல்லாம் போய் எத்தனையோ வாசல்ல நின்னீங்க. இது யார் வீடு?"

"என் வீடுதான்."

"இதுக்கு வந்திருக்கீங்களா?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டுங்க. போனை இங்க குடுங்க. மணியை அடிங்க."

செருப்பைக் கழற்றினார். போனைக் கொடுத்தார். வெறும் கையோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றதாக அவருக்கு ஞாபகமே இல்லை. அந்த மணியை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. எப்படிச் சத்தம் போடும் என்றுகூடத் தெரியாது.

அடித்தார்.

குயில் கூவுவதுபோல உள்ளே எங்கோ கேட்டது. உமையாள் வாங்கி மாட்டியதாக இருக்கும்.

ஒன்றும் இல்லை.

திரும்பி அம்மையைப் பார்க்கப் போனார். அதற்குள் உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. அறை அறையாக, வீடு முழுக்க, ஆட்கள் வந்து உட்காருகிற சத்தம். யாரோ தரையில் கிடந்த பேப்பரை எடுத்து உதறினார்கள்.

அப்புறம், கதவுக்கு மிகப் பக்கத்தில், ஒரு செருப்பு விரல் நுனியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அதைக் கால் தேடி மாட்டிக்கொண்டது. நடந்து வந்தது. இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல்.

பூட்டு உள்ளிருந்து திரும்பியது.

"வாங்க" என்றது குரல். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"