ஐப்பசி வெள்ளம் யாருக்குச் சொந்தம்?

ஒரே ஒரு ஆறாம், அதற்கு இரண்டு நாடாம். மேல்நாட்டு ராஜா அணையை அடைத்துவிட்டதால் கீழ்நாட்டில் நாற்றெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. நடவுக்காரி செங்காயி அரண்மனைக்கே போய்த் தண்ணீர் கேட்டாள்.

"ஆறு முழுக்க என் சொத்து என்று ஒப்புக்கொள். ஒரு வாய்க்கால் பிச்சை போடுகிறேன்," என்றார் ராஜா.

"ஒப்புக்கிட்டோம் சாமி. பிச்சையும் வேண்டாம். எல்லையில ஆத்துக்குக் குறுக்கே கரை போட்டுக்கிட்டிருக்கோம்."

"கரை எதற்கு?"

"போன ஐப்பசியில அணை உடையக் கூடாதுன்னு வெள்ளத்தை எங்க பக்கம் திறந்துவிட்டீங்க. என் மகன் அதோட போயிட்டான். இந்த ஐப்பசிக்கு உங்க சொத்து இங்கேயே நிக்கட்டும்."

அரண்மனை இருந்தது அணைக்குக் கீழே, எல்லையோரப் பள்ளத்தில்.

"கரையை நிறுத்து. வறட்சியிலும் வெள்ளத்திலும் இனி சரிபாதி," என்றார் ராஜா.

கரைக்கு ஒரு கூடை மண்கூட விழவில்லை என்பது அந்த அரண்மனையில் செங்காயிக்கு மட்டுமே தெரியும்.

அணை திறந்தது. தண்ணீர் முன்னால் ஓட, மகனைக் கொண்டுபோன ஆற்றின் கரையோடு அவள் நடந்து போனாள்.