கழித்துப்போட்ட நாலாயிரம் வரிகள்

ஸ்பானிஷில் ஒரு வரி கொடுத்தால், அதை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று கணினி சொல்ல வேண்டும். ஜெசிந்தாவின் ஆராய்ச்சி அவ்வளவுதான். கேட்க எளிது. நான்கு வருடமாக அவளைப் பிழிந்து எடுத்துவிட்டது.

கால்சென்டரில் பத்து வருடம் ஸ்பானிஷ் பேசிச் சலித்து, நாற்பத்தைந்து வயதில் படிக்க வந்தவள். வழிகாட்டி பரிதிக்கு முப்பத்திரண்டு. அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்குக் கட்டுரை போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்தது. இந்த முறையும் வந்தால் ஆராய்ச்சிக்கே முழுக்கு.

“சார், தொண்ணூத்தேழு சதவீதம் சரியா சொல்லுது!” உட்கார்ந்த இடத்திலிருந்தே கூவினாள்.

“நேத்து எண்பத்தெட்டுதானே அக்கா?”

“குழப்புற வரியெல்லாம் தூக்கிட்டேன். பஸ்ஸுக்கு மெக்சிகோவுல ஒரு சொல்லு, கியூபாவுல வேற சொல்லு. சில பேர் ரெண்டையும் கலந்து எழுதறாங்க, கம்ப்யூட்டர் திருதிருன்னு முழிக்குது. நாலாயிரம் வரி. சுத்தக் குப்பை சார்.”

“அந்தக் குப்பையை மட்டும் மேப்புல போடுங்க.”

மணி மூன்றரை. இந்த மனுஷனுக்கு நேரங்காலமே கிடையாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். ஒவ்வொரு வரிக்கும், அது எழுதப்பட்ட ஊரில் ஒரு புள்ளி.

கொலம்பியாவும் வெனிசுவேலாவும் ஒட்டுகிற எல்லை நெடுகப் புள்ளிகள் விழுந்தன. மாட்ரிட்டில் ஒரு கொத்து. மெக்சிகோவின் தெற்கு விளிம்பில் இன்னொன்று.

ஜெசிந்தா துள்ளி எழுந்தாள். நாற்காலி பின்னால் மல்லாந்து விழுந்தது.

“ஐயோ சார்! இது ஜனங்க நாடு விட்டு நாடு போற வழி! இங்க பாருங்க, கியூபாவை விட்டுக் கிளம்பினவங்க மெக்சிகோ எல்லையில நிக்கறாங்க. ரெண்டு ஊரு பஸ்ஸும் அவங்க வாயில ஓடுது!”

திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அப்புறம்தான் கடிகாரம் கண்ணில் பட்டது.

“இவங்களையும் சேர்த்தா மறுபடி எண்பத்தெட்டுதான் சார். திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?”

“அனுப்பினாலும் அனுப்புவாங்க.”

“அப்ப எதை அனுப்பட்டும்? தொண்ணூத்தேழையா, இந்தப் படத்தையா?”

பரிதி குனிந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

“எதைப் பார்த்ததும் இதைத் தள்ளிவிட்டுட்டு எழுந்தீங்க அக்கா?”