ஓட்டைக் குவளைகள்

அந்தப் பாலைவன நாட்டில் கூடாரங்கள் இன்று இங்கே, நாளை எங்கேயோ. அதனால் ஊர்க்கிணற்றடியில் ஆளுக்கொரு குவளை வைப்பார்கள். குவளையை எண்ணித்தான் ஜனத்தொகை எழுதுவார்கள்.

ஆளுநர் ஹம்தூனின் வட்டாரத்தில் மிஞ்சியது நாற்பதே பேர். முந்நூறு இல்லாவிட்டால் பதவி போய்விடும். தண்ணீர் இறைக்கும் மைமூனாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு மந்திரி வர்றார். முந்நூறு குவளை இருக்கணும். இல்லேன்னா உனக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது.”

“வச்சிடறேன் ஐயா.”

மறுநாள் மந்திரி வந்தபோது முந்நூறும் வரிசையாக இருந்தன. ஆளுநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“மந்திரி ஐயா, உங்க கையால தண்ணி ஊத்துங்க,” என்றாள் மைமூனா.

மந்திரி ஊற்றினார். நாற்பது குவளையில் தண்ணீர் நின்றது. மற்றவற்றில் ஊற்றியதெல்லாம் மணலுக்குள் போயிற்று.

“ஏம்மா, அடியில ஓட்டை?”

“செத்தவங்க குவளைல வேற யாரும் குடிக்கக் கூடாதுன்னு, ஓட்டை போட்டு சமாதிமேல வைப்போம். ஆளுநர் கேட்ட அளவுக்கு ஆள் அங்கதான் இருந்தாங்க.”

“இத்தனை பேரா? எப்படி?”

“தாகத்துல,” என்றவள், ஆளுநர் மாளிகையின் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று இருந்தது.

பதவி அன்றைக்கே போயிற்று. மைமூனா குவளைகளைச் சமாதிகளுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். எது யாருடையது என்று ஒருவரையும் கேட்கவில்லை.