நாயைப் பார்த்தவர் யார்?

பனையடிக் கோட்டையில் அரசருக்கு அடுத்த மரியாதை வேட்டை நாய்களுக்குத்தான். மந்திரிக்கெல்லாம் அதற்கும் கீழே. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே நாய்ப் போட்டி நடக்கும். இளவட்டங்கள் ஆளுக்கொரு நாயைப் பிடித்துவந்து சபைக்கு முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். பரிசு நாய்க்கு அல்ல, பிடித்து வருகிறவருக்கு. நாயை நல்லபடியாகக் காட்டத் தெரிந்தவர் எவரோ, அவருக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி.

இதில் தீர்ப்புச் சொல்கிறவர் பாடுதான் திண்டாட்டம். தோற்றவர்கள் வீடு தேடி வந்து திட்டுவார்கள். போன வருஷம் தீர்ப்புச் சொன்ன புலவர் இன்னும் மாமியார் வீட்டில்தான் ஒளிந்திருக்கிறார்.

இந்த வருஷம் இளவரசர் சேதுரங்கமே களத்தில் இறங்கப்போகிறார் என்றதும் தளவாய் திருமலைக்கொழுந்துக்குக் குஷி பிறந்தது. அவர் இளவரசரின் தாய்மாமன். சபையில் சாதுர்யம் பேசியே சோறு தின்கிற பலவேசத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. இவனை நடுவராகப் போடுங்கள் என்று அரசர் காதில் ஓதினார். கூடவே ஒரு நிபந்தனையையும் எடுத்துக் கொடுத்தார்.

அரசர் காத்தப்ப பூபதி பலவேசத்தைக் கூப்பிட்டு அதை அப்படியே ஒப்பித்தார்.

"தோற்றவர்களே தங்கள் வாயால் தீர்ப்பு சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் உனக்குச் சபையில் இடமில்லை. நாய்க்கொட்டடியைக் கூட்டப் போய்விடு."

பலவேசம் கணக்குப் போட்டுப் பார்த்தான். இளவரசரை ஜெயிக்க வைத்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். தோற்கடித்தால் இளவரசர் சுளிப்பார். அவர் முகம் சாதாரணமாகவே அப்படித்தான் இருக்கும்.

போட்டி நாளும் வந்தது. இளவரசர் மைதானத்தில் நுழைந்தபோது சபையே எழுந்து நின்றது. சிவப்பு வெல்வெட் அங்கி, தலைப்பாகையில் மயிலிறகு, நடைக்கு நடை குலுங்கும் முத்துமாலை. கையில் நீளமான பட்டுக் கயிறு. அவர் சுற்றி வர, சபை வாய் பிளந்து பார்த்தது. பலவேசம் மட்டும் கயிற்றின் மறுமுனையைப் பார்த்தான். பிறகு அரசரின் காலடியைப் பார்த்தான். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

எல்லாரும் நடந்து முடித்தபிறகு அவன் எழுந்து, தீர்ப்புக்கு முன்னால் சபையிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றான். முதலில், இளவரசர் என்ன உடுத்தியிருந்தார்? ஆளாளுக்கு முந்திக்கொண்டு சொன்னார்கள். முத்து எந்தக் கடலில் எடுத்தது என்பதுவரை தளவாய் சொன்னார். இளவரசரின் கன்னம் பூரித்தது.

கடைசியாக வந்த நாய் எப்படி இருந்தது என்று கேட்டான். அதையும் சொன்னார்கள். உடம்பெல்லாம் புலிக்கோடு, இடது காது கிழிசல், செதுக்கி வைத்த மாதிரி நின்றது, அரசர் இருமியபோது கண்ணை மட்டும் திருப்பியது.

"அதைப் பிடித்து வந்தவர்?"

சபை விழித்தது. யாரோ ஒரு பையன் என்றார் ஒருவர். மீசைக்காரன் என்றார் இன்னொருவர். ஓரத்தில் அந்த நாயோடு நின்றிருந்த இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போகட்டும். இளவரசர் பிடித்து வந்த நாய் என்ன நிறம்?"

"வெள்ளை" என்றார் தளவாய். கறுப்பு என்றார் மந்திரி. அரசர் தாடியைத் தடவி, "நல்ல நிறம்தான்" என்றார்.

சந்தேகம் வந்து இளவரசரே திரும்பிப் பார்த்தார். பட்டுக் கயிற்றின் முனையில் கல் பதித்த தங்கப் பட்டை புழுதியில் கிடந்தது. பட்டைக்குள் நாய் இல்லை.

"மகாராஜா கோபிக்காமல் காலைக் கொஞ்சம் தூக்க வேண்டும்" என்றான் பலவேசம்.

அரசர் தூக்கினார். சிம்மாசனத்துக்கு அடியில் மான் நிறத்தில் ஒரு சிப்பிப்பாறை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அரசரின் செருப்பில் ஒன்று பாதிதான் மிச்சம்.

பலவேசம் விளக்கினான். இந்த வகை நாய்க்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்திருக்கும். பட்டையோ அழகுக்காகப் பெரிதாகச் செய்தது, கழுத்துக்காக அல்ல. முதல் சுற்றிலேயே நாய் தலையை உருவிக்கொண்டு நிழல் தேடிப் போய்விட்டது. அதற்குப் பிறகு இளவரசர் வெறும் பட்டையைத்தான் நடத்திக் காட்டினார், அதுவும் நல்ல மிடுக்கோடு.

"அவரைப் பார்த்த கண் வேறு எதையும் பார்க்கவில்லை. அவரிடம் உள்ள ஒரே குறை அதுதான். இந்தப் பெண்ணை யாருமே பார்க்கவில்லை. அவள் நாயை மறந்தவர் யாரும் இல்லை. சங்கிலி அவளுக்கே."

சபை இளவரசரைப் பார்த்தது. அழுவதா சிரிப்பதா என்று அவர் முகம் கொஞ்ச நேரம் தடுமாறியது. கடைசியில் சிரிப்பு ஜெயித்தது.

"நாயே இல்லாமல் நான் எப்படி ஜெயிப்பது? தீர்ப்பு சரிதான்."

இளவரசரே ஒத்துக்கொண்டபிறகு முகம் சுளிக்க மற்றவர்களுக்கு ஏது துணிச்சல்? எல்லாரும் சரி சரி என்றார்கள். வெள்ளிச் சங்கிலியை வாங்க வந்த பெண் தன் பெயர் இருளாயி என்றாள். அது யார் காதிலும் விழவில்லை. அதற்குள் எல்லார் கண்ணும் மறுபடி நாய் மேல் போயிருந்தது.

தளவாய் மட்டும் விடவில்லை.

"பிடிக்கிறவன் கண்ணில் படக்கூடாது, அப்படித்தானே? காலையிலிருந்து இந்தச் சபை உன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் பேச்சுப்படி நீதான் முதல் உதவாக்கரை."

அரசர் முன்னால் சாய்ந்தார். அந்தக் கேள்வியைப் பலவேசம் தன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறான். அதனால் பதில் கைவசம் இருந்தது.

"வாஸ்தவம்தான் தளவாய் அவர்களே. ஆனால் கயிற்றில் நான் இருப்பது நாய் இருக்கிற முனையில். எல்லாரும் என்னைப் பார்த்தால் பெருமை மகாராஜாவுக்கு. பிடித்திருப்பவர் அவர்தானே."

அரசர் ஒற்றைச் செருப்பு நழுவி விழும்வரை சிரித்தார். புழுதியில் கிடந்த தங்கப் பட்டையை எடுத்துவரச் சொல்லிப் பலவேசத்திடம் நீட்டினார். உன் அளவுக்கு இறுக்கித் தரச் சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

பலவேசம் அதைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தான். பிறகு தலையை ஒருமுறை உருவிப் பார்த்தான்.

"வேண்டாம் மகாராஜா, தளர்த்தியாகவே இருக்கட்டும்" என்றான்.