யாரும் தொடாத தலையங்கம்

வடிவழகி அக்கா சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை.

பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடமேற்றுக் கற்பனை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கான பத்திரிகையில் வாசகர் கடிதம் பிரிப்பவள் அவள். படுத்த படுக்கையான கணவனுக்கு அவள் சம்பளத்தில்தான் மருந்து.

"என் தலையங்கம்தான் பயன்படுதுன்னு வாசகர்கள் சொல்லணும். சாயங்காலம் முதலாளிகிட்ட அத்தாட்சி காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராதே" என்றார் ஆசிரியர்.

ஒரு கடிதத்திலும் அந்தப் பேச்சே இல்லை. ஆடுகிறவர்களிடம் இரவல் வாங்கியதாகச் சொல்லி, பழைய இதழ்களை முதலாளி முன் விரித்தாள். ஆட்டத்துக்கான வரைபடங்களில் டீக்கறை, ஆட்டத்தில் வரும் பூதங்களின் பக்கங்கள் கிழிந்து தொங்கின. தலையங்கப் பக்கம் மட்டும் புதுசாக இருந்தது.

"ஆசிரியர் ஐயா எழுதினதுமேல யாரும் கைகூட வைக்கலீங்க. அவ்வளவு மரியாதை."

முதலாளி ஆசிரியரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். ஆசிரியர் அதன்பின் சாகும்வரை ஒரு வரி எழுதவில்லை.

போன மாதம்தான் கேட்டேன்: "அக்கா, அந்த டீயைச் சிந்தினது யாரு?"