அண்ணனும் இரண்டு ரேம்களும்

தென்காசிக்கு மேற்கே, மலை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் நீலாம்பிகை. ஊர்க்காரர்கள் மடத்தம்மா என்பார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த உலகநாதனோ அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். குருவுக்குத் தலை கறுப்பு, சீடருக்கு நரை என்று ஊரில் கொஞ்சம் கேலி உண்டு. உலகநாதன் அதைப் பொருட்படுத்தியதில்லை. மடத்தம்மா அவரை எல்லோரையும் போல அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தென்காசியில் தம்பி குற்றாலிங்கத்தோடு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் உலகநாதன். கை வேகம். வாய் அதைவிட வேகம். தம்பி நேர் எதிர். ஒரு திருகாணியை முடுக்கினால் அது இறுகிவிட்டதா என்று இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கிற ஆள். ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் வேலையை, கல்லூரி திறக்கும் நாளுக்குள் முடித்துத் தருகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். தம்பியோ ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டேன் என்று நின்றான். நாள் தவறியது, வேலை கைவிட்டுப் போனது. அன்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, நீ இருக்கிற இடம் விளங்காதுலே என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

தம்பி திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்கப்புறம் பேசவே இல்லை. உலகநாதனுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கடைச் சாவியைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

கடையை விட்டார், வீட்டை விட்டார், நாக்கு ருசியைக்கூட விட்டார். தம்பி மேல் இருந்த கோபத்தை மட்டும் துணிப்பையில் மடித்து எடுத்து வந்திருந்தார். கோபத்தோடு கோபமாக ஒரு பாசமும் வந்திருந்தது. தம்பி மகள் சங்கரி. நடை பழகும் முன்பே இவர் தோளில் தூங்கிப் பழகிய பிள்ளை.

அந்தச் சங்கரிக்குத்தான் கல்யாணம். மறுநாள் காலை முகூர்த்தம்.

அவர்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது மூத்தவருக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வர வேண்டும். தட்டில் தேங்காய், வெற்றிலை, குங்குமம் வைத்துப் பத்திரிகையைக் கையில் கொடுத்துக் காலில் விழ வேண்டும். உலகநாதனுக்கு வந்ததோ போனில் அந்தப் பத்திரிகையின் படம். கீழே, 'கட்டாயம் வரவும்' என்று இரண்டு சொல். உலகத்தைத் துறந்த மனுஷர் போனைத் துறக்காமல் இருந்ததற்கு இது தண்டனை போல ஆகிவிட்டது. பால்காரனுக்கும் இதே படந்தான் போயிருக்கும் என்று நினைத்தார். பதில் போடவில்லை.

அன்று காலையில் அவருக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. மடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முதியோர் பென்ஷனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். அது ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் வந்தவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஓர் அன்பர், அந்தப் பழைய இயந்திரத்துக்குப் பொருந்தும் வகை ரேம் என்கிற நினைவகம் ஒன்றை எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அந்த வகை இப்போது கடைகளில் வருவதில்லை. உள்ளே இருக்கும் பழைய ரேமோடு இதையும் சேர்த்துப் போட்டால் இயந்திரத்துக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

உலகநாதன் மூடியைக் கழற்றினார். தூசியை ஊதினார். பழையதற்குப் பக்கத்துப் பள்ளத்தில் புதியதை வைத்து, இரண்டு பக்கமும் பிடி விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். பொத்தானைத் தட்டினார்.

திரை இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு 'பீப்'. சற்று விட்டு மறுபடியும் ஒன்று.

இரண்டையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தார். இடம் மாற்றிப் போட்டார். அதே இருட்டு, அதே பீப். வெளியே வாசலில் காத்திருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். புதியதை மட்டும் வைத்துப் பார்த்தார். இயந்திரம் உடனே விழித்துக்கொண்டது.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. பழைய ரேமை எடுத்து மூலையில் கிடந்த குப்பை டின்னில் போட்டார்.

மடத்தம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து அதை டின்னிலிருந்து எடுத்தார்.

"இது என்ன செஞ்சுது?"

"கெட்டுப்போச்சும்மா. பழசு."

"தனியாப் போட்டுப் பாத்தியளா?"

உலகநாதன் கை நின்றது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்காமல் எதையும் கெட்டது என்று சொல்லக் கூடாது. கடைக்கு வேலை பழக வந்த எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்த பாடம் அது. இன்று அவரே செய்யவில்லை. பழசு என்றதும் கை தானாகக் குப்பைக்குப் போய்விட்டது.

வாங்கினார். புதியதைக் கழற்றி, பழையதை மட்டும் வைத்துத் தட்டினார். திரை விழித்தது. இத்தனை வருஷம் எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது.

மறுபடி இரண்டையும் சேர்த்தார். பீப்.

அவருக்கு வெட்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. திருப்புளியை மேஜையில் எறிந்தார். மடத்தம்மா, சோறு ஆறுகிறது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்.

இலையில் சோறு அப்படியே இருந்தது. உலகநாதன் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கல்லூரி வேலை, கடையில் சொன்ன சொல், தம்பியின் மௌனம், போனில் வந்த படம், நாளைய முகூர்த்தம். சங்கரியின் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போயிற்று. அந்தப் பிள்ளை மணவறையில் உட்கார்ந்து கூட்டத்தில் இந்தப் பெரியப்பா முகத்தைத் தேடும் என்று சொல்லிவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

பிறகு கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. குத்தம் அவன் மேலயா, என் மேலயா?"

மடத்தம்மா அவர் இலையில் மோர் ஊற்றினார்.

"வெளியே ஆளுங்க காத்திருக்காங்க அண்ணாச்சி. கையில எடுத்த வேலையை முடிச்சிட்டு வாங்க."

கேட்ட கேள்வி தரையில் விழுந்து கிடந்தது போல உலகநாதனுக்கு இருந்தது. இவ்வளவு சொன்ன பிறகும் கம்ப்யூட்டர்தானா என்று மனசு கசந்தது. ஆனாலும் எழுந்து போனார். கோபம் வந்தால் வேலையில் புகுந்துகொள்வது அவருக்கு வாலிபத்திலிருந்தே வழக்கம்.

இரண்டு ரேம்களையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒட்டியிருந்த சின்ன எழுத்துகளை நிதானமாகப் படித்தார். காலையில் படித்திருக்க வேண்டியது. வகை ஒன்று, அளவு ஒன்று. வேகம்தான் வேறு. பழையது மெதுவாக ஓடுவது, புதியது வேகமாக ஓடுவது. வேறு இயந்திரமாக இருந்தால் இரண்டையும் பார்த்து அதுவே ஒரு வேகத்துக்கு வந்துவிடும். இந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. யாராவது கையால் குறித்துக் கொடுக்க வேண்டும்.

பழையதை மட்டும் வைத்து ஓடவிட்டார். திரை முழுதாக விழிப்பதற்குள் ஒரு விசையை விடாமல் தட்டி, இயந்திரத்தின் அடிப்படை ஏற்பாடுகள் இருக்கும் நீலத் திரைக்குப் போனார். அங்கே ஓட வேண்டிய வேகத்தைப் பழையதன் கணக்குக்குக் குறித்து வைத்தார். நிறுத்தினார். புதியதையும் பக்கத்தில் வைத்து அழுத்தினார். பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

பீப் வரவில்லை. திரை வெளுத்தது. இரண்டு ரேமும் சேர்ந்த கணக்கு எழுத்தில் வந்து நின்றது.

வாசலில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். முதலில் வந்த விதவைப் பெண்ணின் பென்ஷன் விண்ணப்பம் திறந்த சூட்டில் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் வந்தவர்கள் எல்லோரும் வேலை முடிந்து கிளம்பிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் அந்த அறை காலியானதே கிடையாது.

மடத்தம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கடைசில எது கெட்டிருந்துது அண்ணாச்சி?"

"ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு."

"பெறகு ஏன் எந்திரிக்கல?"

"வேகம் ஒத்து வரல. ஒண்ணு நிதானம், ஒண்ணு வேகம். புதுசை இறக்கி, பழசு ஓடுத ஓட்டத்துக்குக் கொண்டாந்தேன்."

"பழசை ஏத்தியிருக்கலாம்லா?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க வந்த ஒரே சிரிப்பு.

"அதால முடியாதும்மா. அதோட அமைப்பு அது. ஏத்துனா மறுபடி இருட்டிரும்."

"இறக்குனதுல புதுசுக்கு என்ன கொறஞ்சுது?"

"ஒண்ணும் கொறயல. அதால இறங்கவும் முடியும், ஏறவும் முடியும்."

சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, வாய் மூடுவதற்குள் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தம்பியின் முகம் கண் முன்னால் வந்தது. சின்ன வயதில் அப்பா அதட்டினால் குற்றாலிங்கம் எதிர்த்துப் பேச மாட்டான், அழவும் மாட்டான். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். ராத்திரிச் சோற்றுக்கும் வர மாட்டான். அப்பா எத்தனை தடவை கூப்பிட்டாலும் வராதவன், அண்ணன் போய்க் கையைப் பிடித்தால்தான் எழுந்து வருவான். தானாக எழுந்து வர அவனுக்குத் தெரியாது. இந்த வயதிலும் தெரிந்திருக்காது. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியாமல் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தானோ. அப்படி உட்கார்ந்திருந்துதான் கடைசியில் படத்தை அனுப்பியிருப்பான். இது இன்றைக்கா தெரிந்தது? படம் வந்த அன்றே உலகநாதனுக்குத் தெரியும். தெரிந்ததைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பால்காரனை நினைத்துக்கொண்டார்.

மடத்தம்மா வெளியே வெயிலைப் பார்த்தார்.

"தென்காசிக்கு இப்ப பஸ் இருக்கும்லா அண்ணாச்சி?"

உலகநாதன் திருப்புளியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். உள்ளே இருந்த பிள்ளைப் பாசம் வாசல்வரை ஓடியது. பல வருஷத்துக் கோபம் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"போயிரலாம்மா," என்றார். "போனா அவன் அழுவான். நானும் அழுவேன். அது தெரியும். ஆனா ஊர் பாக்கும்லா. தட்டு வைக்காத வீட்டுக்கு இவராப் போயி நிக்காருன்னு சொல்லும்லா. அவந்தானம்மா வரணும். நான் அண்ணன்."

மடத்தம்மா பெஞ்சை விட்டு எழுந்தார்.

"அண்ணங்கிறதுனாலதான் உங்ககிட்ட பஸ்ஸைப் பத்திக் கேட்டேன்," என்றார். "தம்பியா இருந்தியள்னா கேட்டிருக்கவே மாட்டேன்."