ஒன்பதாவது சனிக்கிழமை

திருச்சபையின் உபதேசியார் பயிற்சி வகுப்பில் வயது கூடியவர் அருமைநாயகம்தான். ஐம்பத்துநாலு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். பாடம் நடத்திய போதகர் கிருபாவதி அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார்.

அருமைநாயகத்தால் ஓரிடத்தில் உட்கார முடியாது. முன்குறித்தலைப் பற்றிய பாடம் தொடங்கியதிலிருந்து இன்னும் மோசம். எழுவார், ஜன்னல் வரைக்கும் போவார், திரும்பி வருவார்.

"அம்மா, நடக்கிறதெல்லாம் கர்த்தர் முன்னமே குறிச்சதுதானா?"

"எதை வச்சு கேக்கீங்க, அண்ணாச்சி?"

எதை வைத்துக் கேட்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவருடைய ஒரே மகன் செல்வின், பெரியப்பா ஞானையாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனான். லாரி மோதியது. பெரியப்பா பிழைத்தார். பையன் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து இவர் அண்ணன் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"குறிச்சதுதான்னா எங்க அண்ணன் மேல குத்தமில்ல. நான் கர்த்தர் மேலதான் கோபப்படணும். குறிக்கலைன்னா எம் புள்ளைய எங்க அண்ணந்தான் கொன்னான். ரெண்டுல எது?"

"உங்க அண்ணன் பக்கவாதம் வந்து கிடக்காராமே. நாளைக்குச் சனிக்கிழமை. உடன்குடி பஸ்ல போய்ப் பார்ப்போமா?"

"முதல்ல பதில் சொல்லுங்க."

"போவோமா?"

அவர் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டார். அம்மாவும் அதே மாதிரிக் கூப்பிட்டார். இப்படி எட்டு வாரம்.

ஒன்பதாவது வாரமும் வெள்ளிக்கிழமை முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் சனிக்கிழமை விடிந்ததும், முகம்கூட மழிக்காமல், அம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"போவோம்."

பஸ்ஸில் இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில் சட்டென்று இறங்கிவிட்டார். கண்டக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூப்பிடவில்லை. விசில் அடித்து பஸ் நகர்ந்தது. பின்பக்கம் யாரோ படபடவென்று தட்டினார்கள். அருமைநாயகம் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"நீங்கதான இறங்கினீங்க."

ஞானையா தன் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. இடது கை துணி மாதிரித் தொங்கியது. தம்பியைக் கண்டதும் எழப் பார்த்தார். முடியவில்லை. நாக்கு குழறியது.

"எல்லாரும் தேவ சித்தம்னாங்கடா. நான் அப்படிச் சொல்லல. லாரியை முந்திரலாம்னு நெனச்சேன். வேண்டாம் பெரியப்பான்னு செல்வின் சொன்னான். நாந்தான் கேக்கல."

பதினோரு வருஷத்தில் யாருமே இதைச் சொன்னதில்லை. அருமைநாயகம் வேலி வரைக்கும் நடந்தார். திரும்பினார். மறுபடியும் நடந்தார். செம்மண் புழுதியில் அவர் கால்தடம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. பிறகு வந்து, அண்ணனின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். தொங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பையனின் பெயரைச் சொல்லி இரண்டு பேரும் அழுதார்கள்.

ஞானையாவின் மருமகள் மெர்லின் காப்பி கொண்டுவந்தாள்.

"போதகரம்மா எழுதினபடியே வந்துட்டீங்களே, சின்ன மாமா."

"என்ன எழுதினாங்க?"

அவள் ஒரு தபால் கார்டை நீட்டினாள். 'வருகிற சனிக்கிழமை உங்கள் தம்பி வருவார். கிருபாவதி.' செவ்வாய்க்கிழமை முத்திரை விழுந்திருந்தது.

அருமைநாயகம் துள்ளி எழுந்தார். வேப்பமரத்தடியில் நின்ற அம்மாவிடம் விறுவிறுவென்று போனார்.

"செவ்வாய்க்கிழமையே எழுதிட்டீங்க. நான் இன்னிக்குக் காலைலதான் முடிவு பண்ணேன். அப்போ நானா வந்தேனா, இல்ல நீங்க எழுதினதால வந்தேனா?"

அம்மா மெர்லினைப் பார்த்தார்.

"மத்ததையும் கொண்டாம்மா."

அவள் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அருமைநாயகம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கையிலிருந்ததோடு சேர்த்து ஒன்பது கார்டுகள். ஒன்பதிலும் அதே வரி. தேதி மட்டும் வேறு.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா சட்டை மாத்திக்கிட்டு வாசல்லயே இருப்பாங்க," என்றாள் மெர்லின். "பொழுது சாஞ்சப்புறம்தான் உள்ள கூட்டிட்டுப் போவோம்."

அவர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ எட்டு கார்டு பொய்யாப் போச்சே, அம்மா."

"எழுதினது நான். பொய்யாக்கினது நீங்க."

அவர் கார்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினார்.

"இன்னிக்கும் நான் வராம இருந்திருந்தா?"

"அடுத்த சனிக்கிழமை வருவார்னு எழுதியிருப்பேன், அண்ணாச்சி."